விசா மறுத்துட்டாங்க: அப்பீலா, புது மனுவா?

கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விண்ணப்பித்து, மறுப்பு வாங்கியவர்களின் கேள்விகள்தான் இந்தத் தடவை முழுக்க. பாதிப் பேர் மறுப்புக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் உள்பக்கத்தில் இருக்கும். அப்பீல் உரிமை உண்டா, எத்தனை நாளுக்குள் என்பது கடைசியில் இருக்கும். கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டுப் பிறகு யாரிடமும் போங்கள், என்னிடமும்தான்.

கேள்வி: என் கணவர் இங்கிலாந்தில் நர்ஸ், ஐ.எல்.ஆர். (காலவரம்பின்றித் தங்கும் உரிமை) வாங்கிவிட்டார். ஆறு மாதச் சம்பளச் சீட்டில் ஒன்று விட்டுப்போனதால் விசாவை மறுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டால் ஜெயிக்குமா? (பாளையங்கோட்டை வாசகி)

ஜெயிக்கலாம். ஆனால் உங்களுக்கு நான் அப்பீலைச் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தில் இந்த அப்பீல் குடும்ப வாழ்க்கை உரிமையை, அதாவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவை வைத்து நடப்பது. வெளிநாட்டில் இருப்பவருக்கு முடிவு கைக்கு வந்ததிலிருந்து 28 நாள். காகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல 80 பவுண்ட், விசாரணையோடு என்றால் 140 பவுண்ட். மலிவுதான், ஆனால் தேதி வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு சம்பளச் சீட்டுக்காக அவ்வளவு காலம் பிரிந்திருப்பானேன்? புதிதாக மனுப் போடுங்கள். விசாக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் மருத்துவத்துக்காகக் கட்டிய பெரிய தொகை (சர்சார்ஜ்) மறுப்பு வந்தால் திரும்பி வந்துவிடும். வந்ததா என்று பாருங்கள்.

புது மனுவில் பழைய காகிதக் கட்டையே திரும்ப வைக்காதீர்கள். மனுப் போடும் நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் வந்த சம்பளச் சீட்டில் தொடங்கிப் பின்னோக்கி ஆறு மாதம் எடுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் கைக்கு வந்த தொகை எதுவோ, அதே தொகை அதே மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்க வேண்டும். பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள், ஓட்டை தெரிந்துவிடும். கணவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்ட் இருக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 11 முதல் உள்ள வரம்பு. பழைய 18,600-ஐ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஏஜென்டுகள் நம்மூரில் உண்டு. காசநோய்ச் சான்றுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், அதையும் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் மறுபடி சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. அந்தச் சீட்டை நீங்கள் பதிவேற்றியிருந்து, அதிகாரிதான் கவனிக்காமல் விட்டார் என்றால் அப்பீலில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. பதிவேற்றிய பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என் கணவரும் இங்கிலாந்தில்தான், வேலை விசாவில். எனக்கும் மறுப்பு வந்துவிட்டது. 28 நாளில் அப்பீல் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? (சேரன்மகாதேவி வாசகி)

உங்களுடையது டிபெண்டன்ட் விசா, அதாவது வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்து போகிறவருக்கானது. ஊரில் எல்லாவற்றையும் ஸ்பௌஸ் விசா என்றே சொல்லிவிடுகிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. உங்களுக்குப் பொதுவாக இருப்பது ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ’ (நிர்வாக மறுபரிசீலனை). அதற்கும் 28 நாள், 80 பவுண்ட். அதிகாரி செய்த தவறை மட்டும்தான் அதில் பார்ப்பார்கள். விட்டுப்போன காகிதத்தை இப்போது கொண்டுவந்து சேர்க்க முடியாது. கணவர் கேர் ஒர்க்கராக (முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கு) போனவரா? 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்கு விண்ணப்பித்துப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. அதுதான் காரணம் என்றால் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கியவர். எங்கள் கல்யாணம் உண்மையானதாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். முதலில் எப்போது சந்தித்தீர்கள் என்று கேட்டதற்கு நான் பூ வைத்த நாளைச் சொன்னேன், அவர் நிச்சயதார்த்தத் தேதியைச் சொல்லிவிட்டார். இதற்குப் போய் மறுப்பார்களா? (திசையன்விளை வாசகி)

மறுப்பார்கள் தாயி. ஆனால் அப்பீல் என்று ஒன்று இருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

போட வேண்டியது நீங்கள் அல்ல, ஸ்பான்சர் செய்த உங்கள் வீட்டுக்காரர். மறுப்புக் காரணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் குடிவரவு அப்பீல் பிரிவில் மனுச் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. அங்கே வழக்கைப் புதிதாகவே கேட்பார்கள். விசா அதிகாரியிடம் கொடுக்காத ஆதாரத்தையும் வைக்கலாம், மறுப்புக்குப் பிறகு நடந்ததையும் சொல்லலாம். தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்குங்கள். பாதி ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் பதில் சொல்வதால்தான் பலருடைய பேச்சு முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகிறது.

நிரூபிக்க வேண்டியவை இரண்டு. கல்யாணம் உண்மையானது என்பது ஒன்று, கனடா போவதற்காகவே முதன்மையாகச் செய்துகொண்டதல்ல என்பது இன்னொன்று. எதில் சறுக்கினாலும் போதும், மறுத்துவிடலாம்.

இனி ஆதாரம். மேடையில் மாலையோடு வரிசையாக நிற்கிற நானூறு போட்டோ வேண்டாம். அவற்றில் முக்கால்வாசிப் பேர் யாரென்று உங்களுக்கே தெரியாது. முப்பது போதும். ஒவ்வொன்றின் கீழும் யார், என்ன உறவு, எந்த ஊர், என்ன சடங்கு என்று எழுதுங்கள். பெண் பார்த்தது, பூ வைத்தது, நிச்சயம், கல்யாணம், மறுவீடு என்று தேதி வரிசையில் ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொரு நாளும் யார் யார் இருந்தார்கள் என்று சேருங்கள். பூ வைக்கும் சடங்கு என்ன, நிச்சயம் என்ன, அதில் மாப்பிள்ளை இருந்தாரா என்று உங்கள் அம்மாவும் மாமியாரும் தனித்தனியாக உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கட்டும். தேதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மொய் நோட்டை யாரும் நினைப்பதில்லை. ஊர்ப்பேரோடு, தொகையோடு, அன்றைக்கு வந்தவர்கள் பட்டியல் ஒருவர் கையெழுத்தில் இருக்கிறது. கல்யாணம் ஊரறிய நடந்தது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? நாலு பக்கத்தை மொழிபெயர்த்து வையுங்கள். கல்யாணத்துக்குப் பிந்தைய போன் அழைப்புப் பட்டியலும், அவர் அனுப்பிய பணத்தின் விவரமும், ஊருக்கு வந்துபோன டிக்கெட்டும் கல்யாண ஆல்பத்தைவிடக் கனமானவை.

கேள்வி: அக்கா மகளைக் கட்டியிருக்கிறேன். சார்பதிவாளர் ஆபீஸில் பதிவும் செய்தாச்சு. இங்கிலாந்தில் ‘தடை செய்யப்பட்ட உறவு’ என்று மறுத்துவிட்டார்கள். நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாதா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

தெரிந்தாலும் இந்த விதியில் அது எடுபடாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வழக்கத்தில் உள்ள உறவுக்கு விலக்குத் தருகிறது, அதனால் இங்கே உங்கள் கல்யாணம் செல்லும். ஆனால் இங்கிலாந்தின் 1949-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அக்கா, தங்கை மகளைக் கட்டக் கூடாதவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஸ்பௌஸ் விசா விதி அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. மாமன் மகள், அத்தை மகளுக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே புது மனு போட்டாலும் அதே பதில்தான் வரும். இருப்பது 8-ஆவது பிரிவு அப்பீல் ஒன்றுதான், அதுவும் கடினமானது. குழந்தை இருந்தால் கொஞ்சம் பலம் கூடும். இங்கிலாந்தில் குடிவரவுச் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் காசு கொடுத்து ஒரு தடவை பேசிவிடுங்கள். ‘உறவே இல்லை என்று எழுதிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரும் பெண்ணின் தாத்தா பெயரும் ஒன்றாகவே அச்சாகியிருக்கும்.

கனடாவின் சட்டத்தில் நேர்வழி உறவும் (பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை என்று போவது) உடன்பிறப்பும்தான் தடை. மாமன் கட்டுவதற்கு அங்கே தடையில்லை.

கேள்வி: அமெரிக்க மாப்பிள்ளை. எனக்காக அவர் போட்ட ஐ-130 குடும்ப மனு அப்ரூவ் ஆகி, மும்பை இன்டர்வியூவில் 221(ஜி) என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எங்கே அப்பீல்? (வள்ளியூர் வாசகி)

எங்கேயும் இல்லை, தேவையும் இல்லை. பெரும்பாலும் ‘இன்னும் காகிதம் வேண்டும்’ அல்லது ‘இன்னும் சரிபார்க்கிறோம்’ என்பதுதான் அந்தத் தாளுக்கு அர்த்தம். கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிடுங்கள், தாண்டினால் கட்டணத்தோடு முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். மாப்பிள்ளையின் வருமானம் போதாது என்றால் இன்னொருவரைக் கூட்டு ஸ்பான்சராகச் சேர்க்கலாம்.

கேள்வி: ஜெர்மனி விசா மறுப்புக்குத் தூதரகத்துக்கே ஆட்சேபக் கடிதம் எழுதினால் மறுபடி பார்ப்பார்கள் என்கிறார்களே? (பேட்டை வாசகர்)

பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் வழக்கு, இல்லாவிட்டால் புது மனு. மனைவிக்கு ஏ1 (தொடக்கநிலை) ஜெர்மன் மொழிச் சான்று இல்லாததுதான் காரணம் என்றால் வழக்கை விட்டுவிட்டு வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜங்ஷன் பக்கம் ஒருவர், அப்பீலில் ஜெயித்துத் தருகிறேன், பேங்க் பேலன்ஸும் காட்டித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (நாங்குநேரி வாசகர்)

ஜெயித்துத் தருவதாக நேர்மையான வக்கீல் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார். கனடாவில் பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை. அது விழுவது உங்கள் தலையில், அவர் தலையில் அல்ல. இங்கிலாந்தில் குடிவரவு ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்புக்கு 2025 முதல் ‘இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி’ என்று பெயர், கனடாவில் வக்கீல்களுக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் பதிவேடு இருக்கிறது. பெயரைக் கேட்டு ஆன்லைனில் தேடுங்கள்.

கேள்வி: அப்பீல் முடியும்வரை டூரிஸ்ட் விசாவில் போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாமா? (களக்காடு வாசகி)

கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ‘திரும்பி வர மாட்டார்’ என்று இன்னொரு மறுப்பு விழ நிறைய வாய்ப்பு. பழைய மறுப்பை அந்தப் படிவத்தில் மறைக்கவும் கூடாது. லீவு கிடைத்தால் அவரே ஊருக்கு வரட்டும். டிக்கெட்டோடு போர்டிங் பாஸையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தையும் ஸ்கேன் செய்து அப்பீல் கட்டில் சேர்த்துவிடுங்கள்.