கிலக்கிச் சொல்லைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறதா?

கிலக்கி (வட ஈரானில் பேசும் மொழி) கோப்பில் இப்படி ஆனால் எழுத்துரு காரணமில்லை. உங்கள் கோப்பில் 'யே', 'காஃப்' என்ற எழுத்துகள் இரண்டும் இரண்டு விதமாகக் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் 'கிலக்கி' என்று தேடினால் பாதி வரிகள் மட்டும் வருகின்றன.

கிலக்கியைப் பாரசீக எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அரபு விசைப்பலகையில் தட்டினால் அரபு யேயும் காஃபும் விழும். யூனிகோடில் அவற்றுக்கு வேறு எண்கள். 'கிலக்கி' என்பதே 'gaf', யே, லாம், காஃப், யே என்று ஐந்தெழுத்து. முதலில் வரும் 'gaf', 'g' ஒலிக்கான தனிப் பாரசீக எழுத்து, அதில் குழப்பமில்லை. இரண்டு யே, ஒரு காஃப் ஆகிய மூன்று இடங்களிலும் மாறலாம். சொல்லின் நடுவில் அரபு யேயும் பாரசீக யேயும் ஒரே மாதிரி தெரியும். கடைசி யேவைப் பாருங்கள்: கீழே இரண்டு புள்ளி இருந்தால் பெரும்பாலும் அரபு யே.

சோதிக்க, கிடைக்காத வரியிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். இப்போது அந்த வரிகள் வந்தால் இதுதான் கோளாறு. அப்புறம் எல்லாவற்றையும் பாரசீக யே, காஃபுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பாரசீகத்துக்கான 'சுத்தம் செய்யும்' கருவிகளில் கோப்பை அப்படியே போடாதீர்கள். பாரசீகத்தில் இல்லாத உயிரொலிகள் கிலக்கியில் உண்டு. அவற்றைக் காட்டச் சிலர் 'வாவ்' என்ற எழுத்தின் மேலும் யே மேலும் குறி போடுவார்கள். ஆளுக்கொரு முறை, அரசு வகுத்த ஒரே எழுத்துமுறை கிடையாது. கருவி அந்தக் குறிகளைத் துடைத்துவிட்டால் உச்சரிப்பே போய்விடும், திரும்ப எடுக்கவும் முடியாது. மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, இந்த இரண்டு எழுத்தை மட்டும் மாற்றுங்கள்.