வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்: ஒரு சிவில் வக்கீலிடம் கேட்டவை

உயில், செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்), பவர் (நமக்குப் பதில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), முதுமைக்காலப் பராமரிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் மூலப் பத்திரத்தை நான் பார்க்கவில்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன் பக்கத்து ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர்: எனக்கு 71 வயது. நானே சம்பாதித்துக் கட்டிய வீடு. "செட்டில்மென்ட் போட்டுடுங்கப்பா, செலவு கம்மி" என்கிறான் மகன். உயில் எழுதினால் போதாதா?

போதும் ஐயா. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை வீடு உங்களுடையது. மனசு மாறினால் வேறு உயில் எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மென்ட் அப்படியில்லை. பதிவான அன்றே வீடு மகன் கைக்குப் போய்விடும். பிறகு நீங்களாகப் போய் "ரத்து" என்று எழுதினால் செல்லாது.

செலவு கம்மி என்பது கிரயத்தோடு ஒப்பிட்டால்தான். குடும்பத்துக்குள் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம். அதன் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக 2023 ஜூலையில் ஏறியது. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பும் 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. உயிலுக்கு முத்திரைத் தாளே வேண்டாம்.

மகன் பேரில் லோன் வாங்கவோ, வேறு நியாயமான காரணத்துக்காகவோ செட்டில்மென்ட்தான் வேண்டும் என்றால், இரண்டு விஷயம் எழுத்தில் இருக்கட்டும். ஒன்று, நீங்களும் அம்மாவும் ஆயுள் உள்ளவரை அங்கே குடியிருக்கும் உரிமை, வாடகை வந்தால் அதை அனுபவிக்கும் உரிமை. இன்னொன்று, உங்கள் சாப்பாடு, வைத்தியம், பராமரிப்பு மகன் பொறுப்பு என்ற நிபந்தனை. 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025-ல் அதே நீதிமன்றம் இச்சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாக, தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் காரணமாகக் கொடுத்ததிலேயே நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. இந்த இழுபறிக்குள் நீங்கள் ஏன் போக வேண்டும்? பத்திரம் எழுதும்போதே ஒரு பத்தி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, பெத்த புள்ளைதானே" என்று பத்திரம் எழுதுபவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

திருநெல்வேலி: அப்பா வெள்ளைத்தாளில் கைப்பட உயில் எழுதி வைத்திருக்கிறார். பதிவு செய்யவில்லை. செல்லுமா?

செல்லும், இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்துப் போட்டிருந்தால். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்த உயில் என்றாலும், வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அதனால்தான் அப்பா வயதுள்ள நண்பர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள் என்கிறேன். உங்கள் வயதுக்காரர், நாளைக்குத் தேடினால் கிடைக்கிறவர், உயிலில் பங்கு இல்லாதவர் வேண்டும். ஒரு பிள்ளைக்கு எதுவும் இல்லையென்றால் ஏன் என்று அப்பா ஒரு வரி எழுதட்டும். காரணம் சொல்லாமல் விலக்குவதை எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வார்.

நாமினி நான்தானே, அண்ணனுக்கு எப்படிப் பங்கு வரும்? (இதையே பலர் கேட்டிருக்கிறீர்கள்)

நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர். உரிமை வாரிசுகளுக்கு, உயில் இருந்தால் உயிலில் உள்ளவர்களுக்கு. கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) இதுதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு நாமினி வரை போடலாம்.

சேலம்: கணவர் இல்லை, குழந்தை இல்லை. என் சம்பளத்தில் வாங்கிய வீடு. தங்கை மகளுக்குத்தான் போகும் என்று நினைத்திருக்கிறேன்.

போகாது அம்மா. இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ம் பிரிவில், பிள்ளையும் கணவரும் இல்லாத பெண்ணின் சுயசம்பாத்தியம் முதலில் கணவரின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கே. 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையாகிப் புகுந்த வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பெண். பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். அதுவும் கணவர் வீட்டாருக்கே போனது. சட்டம் அப்படி இருப்பது எனக்கும் பொறுக்கவில்லை, ஆனால் இன்றைய நிலை அதுதான். அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். அதையே அவர் செட்டில்மென்டாகக் கொடுத்திருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. இந்த வாரமே உயில் எழுதுங்கள்.

வாணியம்பாடி: நாங்கள் முஸ்லிம்கள். உயில் எழுதலாமா?

எழுதலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. சன்னி முறைப்படி வாரிசு ஒருவருக்கே எழுதினால், உங்கள் காலத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும்.

கோயம்புத்தூர்: அம்மாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. பவர் வாங்கி வைத்துவிட்டால் பிறகு நானே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா?

இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். நம் ஒப்பந்தச் சட்டம் 201-ம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் அங்கேயே முடிந்துவிடும். சில வெளிநாடுகளில் மனநிலை போன பிறகும் தொடரும் பவர் உண்டு. இங்கே இல்லை. அதாவது உங்களுக்கு அது தேவைப்படும் நாளில் கையில் இருக்காது. அதன் பிறகு காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம்தான் போக வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் அனுமதித்தது. விற்ற பணத்தில் ஐம்பது லட்சத்தைக் கணவர் பேரில் வைப்பு நிதியாகப் போடச் சொன்னது.

அதனால் மறதி ஆரம்பம் என்ற இந்தக் கட்டத்தை வீணாக்காதீர்கள். அம்மா தெளிவாக இருக்கும் நாளில் டாக்டரிடம் சான்று வாங்கி, அன்றே உயிலை முடியுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி மனநலச் சிகிச்சை விஷயத்தில் தனக்காக முடிவெடுக்க ஒருவரை அவர் நியமிக்கலாம், அதையும் எழுத்தில் வாங்குங்கள். ஓய்வூதியக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் எல்லாவற்றையும் அவர்களுக்குத் தெரிந்தே செய்யுங்கள்.

மதுரை: மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. எங்களுக்குப் பிறகு?

18 வயது தாண்டியதும் பெற்றோர் என்பதாலேயே நீங்கள் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். சொத்தை நேரடியாக மகன் பேரில் எழுதாமல், அவன் நலனுக்கு ஒரு தனியார் டிரஸ்ட் ஏற்படுத்துங்கள். பணத்தைப் பார்ப்பவர் ஒருவர், மகனைப் பார்ப்பவர் வேறொருவர் என்று பிரித்தால் ஒருவர் மீது மற்றவர் கண் இருக்கும். இதற்கு மட்டும் மாதிரிப் படிவத்தை நம்பாமல் அனுபவமுள்ள வக்கீலைப் பிடியுங்கள். கையில் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள் விண்ணப்பித்தால் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள், அம்மாவே போகலாம்.

தஞ்சாவூர்: வென்டிலேட்டரில் இழுத்துக்கொண்டு கிடக்க எனக்கு விருப்பமில்லை. இப்போதே எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது, நடைமுறையில் யாராலும் முடியவில்லை. 2023 ஜனவரியில் இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்றார்கள். உங்களுக்காகப் பேச வேண்டியவர் பெயரை அதில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்த பிறகே நிறுத்துவார்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஐ.சி.யூ. வாசலில் முதல்முறையாகக் கேள்விப்பட்டால் அவர்களுக்குள் சண்டைதான் வரும்.

ஈரோடு: உயிலை பேங்க் லாக்கரில் வைக்கலாமா?

உங்கள் ஒருவர் பேரில் மட்டும் உள்ள லாக்கர் வேண்டாம், பிறகு அதைத் திறப்பதே ஒரு வேலையாகிவிடும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதி பதிவுச் சட்டத்தில் உண்டு. பதிவு செய்த உயில் என்றால், உங்கள் காலம் வரை அதன் நகல் உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ மட்டும்தான் கிடைக்கும். பிறகு இறப்புச் சான்றிதழோடு யார் விண்ணப்பித்தாலும் கொடுப்பார்கள். எந்த சார்பதிவாளர் அலுவலகம், என்ன ஆவண எண் என்பதை மட்டும் நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.