கஞ்சாப் பூவில் வைக்கோல் வாசம் ஏன்?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டம் அனுமதிக்கும் 4 கஞ்சாச் செடிகளை வீட்டில் வளர்த்தோம். பூக்களை ஹீட்டர் அருகில் 3 நாள் காயவைத்து ஜாடியில் அடைத்தோம். வெறும் வைக்கோல் வாசம்தான் வருகிறது. ஏன்?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: அவசரம்தான் காரணம். சூட்டில் மணம் தரும் டெர்பீன்கள் பறந்துவிட்டன. போன மணம் திரும்பாது. அடுத்த முறை கிளைகளை உரசாமல் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இருட்டறை, 15–20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 55–60 சதவீதம். விசிறிக் காற்று பூவில் நேராகப் படக்கூடாது. 7 முதல் 14 நாள் ஆகும். மெல்லிய காம்பு ‘படக்’கென ஒடிய வேண்டும், துவண்டால் பொறுங்கள்.

பிறகு கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி நிரப்பி, உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் போடுங்கள். அது 58–62 சதவீதம் காட்டினால் நல்லது. 65ஐத் தாண்டினால் உடனே வெளியே எடுத்துப் பரப்பிவிடுங்கள். முதல் வாரம் தினமும் 10 நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மணம் கூடும். அமோனியா நெடி வந்தால் ஈரம் அதிகம். சாம்பல் பூசணம் பெரிய பூக்களின் நடுவில்தான் ஒளிந்திருக்கும், பிளந்து பாருங்கள். கண்டால் சுரண்டிவிட்டு வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஜாடிகள் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும்.