வீடு இருந்தும் தெருவுல ஏன் படுக்கறாங்க?

வீடில்லாதவங்களுக்கான காப்பகங்கள்ல வேலை செய்யற மனநல ஆலோசகர், கொங்குப் பக்கத்து வாசகர்களுக்குச் சொன்ன பதில்கள்.

டீக்கடைக்காரர், காந்திபுரம்: ஏனுங்க மேடம், எங்க கடை வாசல்ல ஒருத்தர் படுத்துக்குவாருங்க. காப்பகத்துல கொண்டுபோய்ச் சேர்த்தோம். விடியறதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு. திமிருதானுங்களே?

திமிர் இல்லீங்ணா, பயமா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் காப்பகத்துல செருப்பைக் கழட்டாமத்தான் படுப்பார். யாராவது கதவைச் சாத்தினா எழுந்து உட்கார்ந்துக்குவார். பழகின பிறகுதான் சொன்னார்: சின்ன வயசுல சித்தப்பா தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் அடிப்பாராம். அவருக்கு நாலு சுவர்னா அடி விழற இடம். தெருவுல எந்தப் பக்கமும் ஓடலாம். அவர் பாயை வாசலோரம் போட்டுக் கொடுத்தோம், விளக்கை அணைக்கல. அதுக்கப்புறம்தான் தங்கினார். உங்காளுக்கு என்ன பயம்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்க தினம் டீ கொடுக்கறவர், உங்ககிட்ட சொல்லுவார். அவசரப்படுத்தாதீங்க.

ஆசிரியை, கோபி: அடிபட்டு வளர்ந்த பிள்ளைங்க எல்லாம் இப்படி ஆயிருவாங்களா?

இல்லவே இல்லீங்க. அமெரிக்காவுல சான்டியாகோவுல 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கும் மேல விசாரிச்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. சின்ன வயசுக் கொடுமைகள் கூடக்கூட குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் கூடுதுன்னு அதுல தெரிஞ்சது. அபாயம் கூடுதுன்னுதான் அர்த்தம், தலையெழுத்துன்னு இல்ல. வேலை போறது, கடன், நோய்னு தெருவுக்கு வர வேற காரணமும் நிறைய. உங்க வகுப்புல ஏதாவது பிள்ளை வீட்டுல அடிபடுதோன்னு சந்தேகம் வந்தா குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்க.

பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்: அப்பன் அடி தாங்காம ஓடிவந்தவன் நான். சூப்பர்வைசர் சத்தம் போட்டா இன்னும் கை நடுங்குது. கோழையா நான்?

இல்ல கண்ணு. தப்பிக்கறதுக்கு உன் உடம்பு அன்னிக்குப் பழகினதை இன்னும் விடல, அவ்வளவுதான். பேசினா, சிகிச்சை எடுத்தா குறையும். அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416-ல தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க, காசில்ல.

வாசகர், ஈரோடு: மனநலம் பாதிச்சவர் ரோட்டுல அலைஞ்சா யார்கிட்ட சொல்றதுங்க?

போலீஸ்கிட்ட. 2017 மனநலச் சட்டத்தோட 100-வது பிரிவுப்படி அவரை லாக்கப்புல வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். காணாமப் போனவர்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்தைத் தேடறதும் அவங்க கடமை. குடும்பம் கிடைச்சுட்டா உடனே ஒப்படைச்சுடச் சொல்லாதீங்க. அங்க போக அவருக்குச் சம்மதமான்னு முதல்ல தனியா கேட்கச் சொல்லுங்க.