மாஸ்கோவில் அச்சான ‘புத்துயிர்ப்பு’: 1,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலின் பழைய தமிழ்ப் பிரதி, மாஸ்கோவில் அச்சானது, இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் 1,500 ரூபாய் கேட்கிறார். “அரிய பதிப்பு, இனிக் கிடைக்காது” என்கிறார். அட்டைப் படம் மட்டும்தான் அனுப்பினார். உள்ளே ஒரு நூலக முத்திரை இருக்கிறதாம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்த முத்திரையைக் கவனியுங்கள். விலையைப் பிறகு பார்க்கலாம். நூலகங்கள் பழைய புத்தகங்களைக் கழித்து விற்பது உண்டு. அப்படிக் கழித்திருந்தால் பெரும்பாலும் அதற்கான முத்திரையோ குறிப்போ உள்ளேயே இருக்கும். அது இல்லையென்றால், புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால், பொதுவாக வாங்கியவருக்கும் உரிமை வராது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்வது இதுதான். எங்கோ ஒரு நூலக அலமாரியில் இருக்க வேண்டிய புத்தகம் நம் வீட்டில் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

முத்திரை சரியாக இருந்தால், அடுத்தது புத்தகம் முழுமையாக இருக்கிறதா என்பது. பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய புத்தகக் கடையில் ரஷ்ய நாவல் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். கடைசி ஃபாரமே, அதாவது சேர்த்துத் தைத்த கடைசிப் பக்கக் கட்டே, இல்லை. முடிவு தெரியாமல் தவித்த அந்த இரவை இன்னும் மறக்கவில்லை. ‘புத்துயிர்ப்பு’ மூன்று பாகங்கள் கொண்டது: முதல் பாகத்தில் 59 அத்தியாயங்கள், இரண்டாவதில் 42, மூன்றாவதில் 28. கதாநாயகன் நெஹ்லூதவ் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து மத்தேயு சுவிசேஷம் படிக்கும் இடத்தில் நாவல் முடியும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், நடுவில் பக்க எண்கள் தாவுகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தையல் விட்டால் பதினாறு பக்கம் மொத்தமாகக் கழன்றுவிடும்.

இன்னொரு படமும் கேளுங்கள். சோவியத் புத்தகங்களில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ரஷ்ய மொழியில் அச்சு விவரம் பொடி எழுத்தில் இருக்கும். அதில் ‘திராஷ்’ (Тираж) என்ற சொல்லுக்கு அருகே இருப்பது எத்தனை பிரதிகள் அச்சிட்டார்கள் என்ற எண். ஆயிரக்கணக்கில் இருந்தால், ‘அரிய பதிப்பு’ என்ற பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பகப் பெயரும் காலத்தைக் காட்டும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தில் இருந்த இலக்கியப் பிரிவு 1982-இல் தனியாகப் பிரிந்து ராதுகா பதிப்பகமானது. ஆகவே ராதுகா என்று போட்டிருந்தால் அந்தப் பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

தாள் பழுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். ஈரம் ஏறிய வளையக் கறை, பூஞ்சை, இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள் இருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள்.

இனி விலை. இந்த நாவலின் ரா. கிருஷ்ணய்யா மொழிபெயர்ப்பை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது. படிப்பதற்கு மட்டும் என்றால் அதைத் தேடிப் பாருங்கள். நீதிமன்றத்தில் கதாநாயகி கத்யூஷாவை நெஹ்லூதவ் அடையாளம் காணும் பக்கங்கள் எந்தத் தாளில் படித்தாலும் நெஞ்சை அடைக்கும். மாஸ்கோ பிரதிதான் வேண்டும், அந்தக் கட்டும் அந்தத் தாளும் சிறுவயதில் வீட்டில் பார்த்தவை என்றால், முழுமையான, சுத்தமான பிரதிக்கு 1,500 கொடுப்பதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

படங்கள் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிய பிறகு ஆள் காணாமல் போனால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விற்பது கடையாக இருந்து, சொன்னதற்கு மாறான பிரதி வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.