ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த அலோவே: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஊரைப் பார்க்க விரும்புவோர் கேட்டவையும், அங்கே பலமுறை போய்வந்தவர் சொன்ன பதில்களும்.

கேள்வி (கிளாஸ்கோவில் படிக்கும் மாணவி): ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, ஐயா?

தாராளமாக. ஏர் நகருக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து அலோவே பக்கம்தான், பஸ்ஸில் போகலாம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள் அம்மா.

கேள்வி: குடிசை, அருங்காட்சியகம், தோட்டம்... எதில் தொடங்குவது?

குடிசையில்தான். கவிஞரின் தந்தை வில்லியம் 1757-இல் மண் குழைத்துத் தம் கையால் எழுப்பிய வீடு அது. 1759 ஜனவரி 25 அன்று, அடுக்களைச் சுவரோடு சேர்ந்த கட்டிலில் ராபர்ட் பிறந்தார். சில நாட்களில் அடித்த புயலில் சுவரின் ஒரு பகுதி சரிய, தாயையும் பிள்ளையையும் அண்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே கூரையின் கீழ் இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் மாடுகள். அந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால், கலப்பை முனையில் வளை கலைந்த சுண்டெலியிடம் அவர் வருந்திப் பாடியது வெறும் கற்பனையாகத் தோன்றாது. குடிசையிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடக்கும் பாதையில் அந்தச் சுண்டெலிக்குப் பெரிய சிலையே இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

கேள்வி: இப்போது நிற்பது பழைய வீடுதானா?

அதே வீடுதான், ஆனால் நிறையப் பட்டுவிட்டது. 1781-இல் செருப்புத் தைப்போர் சங்கத்துக்கு விற்கப்பட்டு, பிறகு மதுக்கடையாகவே நடந்தது. 1818-இல் கவிஞர் கீட்ஸ் பக்தியோடு வந்தபோதும் கடைதான். மனம் நொந்து போனார். 1881-இல்தான் பர்ன்ஸ் நினைவு மண்டபத்தின் அறங்காவலர்கள் அதை வாங்கினார்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் செடிகொடி என்றால் உயிர். தோட்டம் பிடிக்குமா?

நிச்சயம் பிடிக்கும். 1823-இல் கட்டிமுடித்த நினைவு மண்டபத்தைச் சுற்றியிருக்கிறது. ஒன்பது தூண்களும் கிரேக்கத்தின் ஒன்பது கலைத்தேவியருக்காக. வில்லியமும் தோட்டக்காரர், காய்கறி பயிரிடவே அலோவேயில் ஏழு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவர் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பர்ன்ஸை நான் படித்ததே இல்லை. போவதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் 'டாம் ஓ ஷான்டர்' என்ற அவருடைய கதைக்கவிதை ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள். ஸ்காட்ஸ் மொழி கடினமென்றால் உரையோடு படியுங்கள். குடிபோதையில் வீடு திரும்பும் டாம், பாழடைந்த தேவாலயத்தில் சூனியக்காரிகள் ஆடுவதைப் பார்த்துவிடுகிறான். அவர்கள் துரத்த, டூன் ஆற்றுப் பாலத்தை நோக்கிக் குதிரையை விரட்டுகிறான். ஓடும் நீரைத் தாண்டி அவர்களால் வர முடியாது. அவன் தப்பினான், குதிரையின் வால் போயிற்று. அந்தத் தேவாலயமும் பாலமும் சில நிமிட நடையில் இருக்கின்றன. வில்லியமின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான்.

கேள்வி: என்ன எடுத்துப்போக வேண்டும்?

மழைக்கோட்டு, நடக்க வசதியான செருப்போ ஷூவோ. திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும்.