குர்ஜா பறவை மீது மார்வார் மக்களுக்கு ஏன் இத்தனை பாசம்?

ராஜஸ்தானின் மேற்குப் பகுதியான மார்வாரில், கீச்சன் கிராமத்து ஜைனர்கள் தானியம் போடுவதால்தான் குர்ஜாவுக்கு இவ்வளவு பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தானியம் நேற்று வந்தது. குர்ஜாவைப் பற்றிய பாட்டு அதைவிடப் பழையது.

இது நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு அல்ல. வட இந்தியாவின் சாரஸ் பெருங்கொக்குக்கு உறவு; ஆங்கிலத்தில் டெமாய்செல் கிரேன் என்பார்கள். அந்தக் குடும்பத்தின் 15 இனங்களில் இதுதான் ஆகச் சிறியது. நின்றால் மூன்றடி உயரம். சாம்பல் உடல், கறுத்த கழுத்து, சிவந்த கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குஞ்சம். மங்கோலியா, கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிறது. நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பொன்னாங்கழுகுகள் இவற்றைத் தாக்குகின்றன.

மார்வார் ஆண்கள் பிழைப்புக்காகக் கல்கத்தா, மதராஸ் என்று போய்விடுவார்கள். சவுக்கார்பேட்டைக் கடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தக் கடைக்காரருக்காக ஊரில் காத்திருந்தவள் கண்ணில் பட்டதே இல்லை. அவள் பாடுவதுதான் குர்ஜா நாட்டுப்பாடல். பறவையைத் தோழியே என்று அழைக்கிறாள், சிறகில் தன் மனத்தாங்கலை எழுதிவிடுகிறேன் என்கிறாள், கணவனிடம் சேர்த்துவிடு என்று கெஞ்சுகிறாள். ஆண்டுதோறும் தவறாமல் வருகிற பறவையிடம் அவள் வேறு என்னதான் கேட்பாள்?

கீச்சன் கதை 1970களில் தொடங்குகிறது. ரத்தன்லால் மாலு என்பவர் புறாக்களுக்குத் தானியம் இறைத்தார். குர்ஜாக்களும் வந்து சேர்ந்தன. கூட்டம் பெருகவே, நாய் நுழையாதபடி வேலி போட்டுச் 'சுக்கா கர்' என்ற தீனிக்களம் அமைத்தார்கள். இன்று ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. 2025இல் கீச்சன், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் தாழப் பறக்கும் பறவைகள் உயர் அழுத்த மின்கம்பியில் மோதிச் செத்ததும் உண்டு. தீனி போடுவதைப் புகழ்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது என் ஆதங்கம்.

பார்க்கப் போவதென்றால் ஜோத்பூரிலிருந்து பலோதிக்கு ரயில், அங்கிருந்து ஆட்டோ. விடிவதற்குள் தீனிக்களத்தை ஒட்டிய வீட்டு மாடி ஒன்றில் அனுமதி கேட்டு ஏறிவிடுங்கள். தீனி முடிந்ததும் அவை குளத்துக்குப் போய்விடும். மார்ச்சில் வடக்கே கிளம்பத் தொடங்கும், அதனால் டிசம்பரோ ஜனவரியோ நல்லது.